எப்படி டீச்சர் பேசாமல் இருந்த அரைமணி நேரம்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘எப்படி டீச்சர்’. ஏன் அந்தப் பெயர் என்று யாரையும் விசாரிக்க வேண்டாம். அவர் வகுப்பு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே காது புளிக்கப் புளிக்கத் தெரிந்துவிடும்.

“பன்னெண்டு டீச்சர்.”

“எப்படி?”

“ஒன்பதும் மூணும் டீச்சர்.”

“அதான் எப்படி?”

“மூணுலேர்ந்து ஒண்ணை எடுத்து ஒன்பதுக்குக் குடுத்துட்டேன் டீச்சர். அது பத்தாயிடுச்சு. மிச்சம் ரெண்டு.”

விடை வந்ததா, விட்டோமா, அடுத்த பிள்ளையைப் பார்த்தோமா என்பதெல்லாம் அவரிடம் கிடையாது. பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டைக் கத்தி முடித்துச் சாப்பாட்டுப் பையைத் திறக்கும்போதும், இந்த அம்மாள் காலையில் எடுத்த ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒரே கணக்கை ஆறு பிள்ளைகள் ஆறு விதமாகப் போட்டால் அவருக்கு அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி.

வீட்டிலும் இதே பாட்டுதான். அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது என்று குறிப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஏன், எப்படி என்று ஒரு டிரைவரையும் அவர் கேட்டதில்லை.

“சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சொன்னா, இந்தாங்க போட்டுக்குங்கன்னு சொல்லணும். இல்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கணும். எந்த ஊர்லயாவது பொண்டாட்டி ‘எப்படிக் கண்டுபிடிச்சீங்க’ன்னு கேப்பாளா?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். டீச்சர் சிரித்துக்கொண்டே உப்பு டப்பாவை நகர்த்துவார்.

அவர் ஒன்றும் பிறவியிலேயே இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் எல்லாரையும் போலத்தான் இருந்தார். போர்டில் எழுதுவார், பார்த்து எழுதச் சொல்வார், மாதக் கடைசியில் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் தாள்களை ரத்தக்களறி ஆக்குவார். தானும் பள்ளியில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவர் என்ற மிதப்பு வேறு. எல்லாம் மனப்பாடத்தில் வாங்கிய மார்க் என்பது ஒருநாள் சொந்த மகள் வாயால் வெளுத்துப்போயிற்று. சமையல்கட்டில் உட்கார்ந்து கழித்தல் போட்டுக்கொண்டிருந்த அந்தச் சின்னது நிமிர்ந்து, “அம்மா, இந்த ரெண்டு பக்கத்து வீட்டுல கடன் வாங்குதே, எப்பம்மா திருப்பிக் குடுக்கும்?” என்று கேட்டது.

டீச்சர் பதில் சொல்லப் போனார். பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு, அந்தக் கடன் என்னவென்று தெரியாது! அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மகள் இப்போது வளர்ந்து, வேலைக்குப் போய், தூரத்தில் எங்கோ குடித்தனம் செய்கிறாள். அவளுக்கு இது நினைவிலேயே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வகுப்பறை ஒரு தினுசாகிவிட்டது. மேஜை டிராயர் முழுக்கப் பட்டன், கயிற்றுத் துண்டு, பாட்டில் மூடி, பழைய சாவி. வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் டீச்சர் பக்கத்தில் முக்காலியில் வந்து உட்கார வேண்டும். மற்றதுகள் படம் வரைந்துகொண்டோ ஒன்றை ஒன்று கிள்ளிக்கொண்டோ இருக்கும். பரீட்சை என்ற பேச்சே கிடையாது. “வா, பேசுவோம்” என்பார். ஒரு கணக்கைக் கதையாகச் சொல்வார். பிள்ளை பட்டனை நகர்த்தும், கயிற்றை மடக்கும், விரலை விடும், விடை சொல்லும். சரியாக இருந்தால் உடனே “எப்படி?” தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். அந்த வார்த்தையே அவருக்கு ஆகாது. வாயை மூடிக்கொண்டு, பிள்ளை முகத்தைப் பார்க்காமல், மேஜையில் இருக்கும் பட்டன்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை தானாகவே திரும்ப எண்ண ஆரம்பிக்கும். நொந்துபோகாமல் திருத்திக்கொள்கிறதே என்று டீச்சருக்கு அதில் ஒரு பெருமை.

இதெல்லாம் சரிதான். ஆனால் வருஷக் கடைசியில் மேலிடத்திலிருந்து கட்டுக்கட்டாக அச்சடித்த கேள்வித்தாள் வந்து இறங்குமே, அதை யார் தடுப்பது? கட்டத்துக்குள் எழுது, வட்டமிடு, மணி அடித்தால் பென்சிலைக் கீழே வை. எப்படி என்று கேட்க அந்தத் தாளுக்கு வாயும் இல்லை, கேட்டுக்கொள்ளக் காதும் இல்லை. டீச்சரின் பிள்ளைகள் பெரும்பாலும் அதிலும் தேறிவிடுவார்கள். அந்த வருஷம் ஒருத்திதான் தேறவில்லை.

அவளைப் பட்டன் என்று கூப்பிடுவார்கள். அவள் அம்மா சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிறவர். டீச்சர் டிராயரில் இருந்த பட்டனில் பாதி, கம்பெனி கழித்துப் போட்டதில் அந்த அம்மா பொறுக்கிக் கொடுத்தனுப்பியது. ஆளும் பட்டன் மாதிரிதான் இருப்பாள், சின்னதாக, உருண்டையாக. தாளைக் கண்டால் போதும், அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பென்சிலைத் துடைப்பாள், கையைத் துடைப்பாள், எழுதியதை அழிப்பாள், அழித்த இடம் கிழிந்துவிட்டதே என்று அழுவாள். மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். “இது மெதுவு டீச்சர்” என்று பக்கத்து வகுப்பு வாத்தியார் சொல்வார். மெதுவு என்பதில் நம் டீச்சருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மெதுவாக இருந்தால் என்ன, வந்து சேர்ந்தால் போதாதா என்பதுதான் அவர் கட்சி.

முக்காலியில் உட்கார்ந்தால் அவள் வேறு பிள்ளை. முந்நூற்று இரண்டிலிருந்து நூற்று எழுபத்தெட்டைக் கழிக்கச் சொன்னால் கடனும் வாங்க மாட்டாள், ஒன்றும் வாங்க மாட்டாள். “நூத்தி எழுபத்தெட்டோட ரெண்டு வெச்சா நூத்தி எம்பது. இன்னும் இருபது வெச்சா எரநூறு. அங்கேர்ந்து நூத்தி ரெண்டு. எல்லாம் சேத்து நூத்தி இருபத்திநாலு” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். டீச்சர் வாயைப் பிளப்பார்.

ஆனால் வருஷக் கடைசித் தாளில் அவளுக்கு வந்தது இருபத்தைந்துக்கு மூன்று. இந்த மாதிரி மார்க் வாங்கினால் நாலாம் வகுப்பு கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தனி அறை உண்டு. அதற்கு ‘சிறப்புக் கவனிப்பு வகுப்பு’ என்று போர்டு மாட்டியிருக்கிறது. எல்லாரும் சொல்வது பின்கட்டு. அங்கே கோட்டின் மேல் கோடு போடச் சொல்வார்கள், படத்துக்கு வண்ணம் அடிக்கச் சொல்வார்கள். நன்றாகப் பழகிக்கொண்டால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு கிடைக்கும். அதிலிருந்து திரும்பி வகுப்புக்கு வந்த பிள்ளை என்று ஒன்றையும் டீச்சர் தன் காலத்தில் பார்த்ததில்லை.

மார்க் வந்த மறுநாள் மத்தியானம் பட்டனின் அம்மா ஓடிவந்தார். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்ப வேண்டும். உட்காரவில்லை. சட்டைக் கையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“டீச்சர், இவளப் பின்கட்டுக்கு அனுப்பிடுவாங்களா?”

“இன்னும் முடிவு பண்ணலம்மா. நீங்க உக்காருங்க.”

“நானும் அங்கதான் டீச்சர் உக்காந்திருந்தேன். இதே பள்ளிக்கூடந்தான். செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுவாங்க. நல்லா ஊத்துவேன்னு பேரு எனக்கு.” அந்த அம்மா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அப்படியே பெரிசாயிட்டேன். எனக்குப் படிப்பு ஏறலன்னு நானும் நம்பிட்டேன். இவ வீட்டுல எனக்கே கணக்கு சொல்லித் தரா டீச்சர். இவளுக்கு ஏறுது. ஏறுதுல்ல?”

“ஏறுதும்மா. என் கிளாஸ்லயே இவளுக்குத்தான் நல்லா ஏறுது.”

“அப்புறம் ஏன் டீச்சர்?”

என்ன சொல்வது? தாளுக்கும் அவளுக்கும் ஆகாது என்றா? டீச்சர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இருக்கேன்மா, பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார். தன் கையில் என்ன இருக்கிறது என்று இப்படி வாய் விட்டோம் என்று அவருக்கே புரியவில்லை.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் மேலிடத்துக் காகிதம் என்றால் தொடை நடுங்கி. “எனக்கு எதுக்கும்மா வம்பு? தாள்ல என்ன இருக்கோ அதுதான். நான் ஒண்ணும் மார்க் போடலியே” என்றார். டீச்சர் விடவில்லை. எழுத்துத் தேர்வில் தேறாத பிள்ளைக்கு, பொருள்களை வைத்து வாய்மொழியாகவும் கணக்கைச் சோதிக்கலாம் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வந்ததோடு சரி, ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் அதைக் காட்டி நச்சரித்தார். காலையில் வணக்கம் சொல்லும்போது கேட்டார், சாப்பிடும்போது கேட்டார், ஹெட்மாஸ்டர் கை கழுவும் இடத்திலும் போய் நின்று கேட்டார். “அம்மா தாயே, எழுதி அனுப்பிடறேன், என்னை ஆள விடுங்க” என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் கல்வி அலுவலகத்தில் தலைகீழாக நின்ற பிறகு ஒரு வழியாக அனுமதி வந்தது. ஒரே ஒரு தடவை. சொந்த டீச்சர் கேள்வி கேட்கக் கூடாது, அலுவலகத்திலிருந்து ஆள் வரும். டீச்சர் பின்னால் உட்காரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது. மீறினால் தேர்வு செல்லாது, தாளில் வாங்கிய மார்க்தான் நிற்கும். டீச்சர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. வீட்டில் கேட்காமலே உப்பு டப்பாவை எடுத்து வைத்ததைப் பார்த்து வீட்டுக்காரரே பயந்துபோனார்.

தேர்வுக்கு வரப்போகிற ஆபீசர், வயதில் அவர் மகளைவிடச் சின்னப் பெண். அவளே போன் செய்தாள்.

“டீச்சர், அந்தக் குழந்தையப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க. எப்படிப் பேசினா அவளுக்கு வசதியா இருக்கும்?”

இப்படிக் கேட்கிற ஆபீசரை எங்கே பார்க்க முடியும்? டீச்சர் மடமடவென்று சொன்னார். “மேடம், அவ கொஞ்சம் மெதுவு. அவசரப்படுத்தினா உள்ள போயிடுவா. பதில் சொன்ன உடனே எழுதிடாதீங்க. சரி தப்புன்னு ஒண்ணும் சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அவளுக்கு யோசிக்க நேரம் குடுங்க, கடைசியா என்ன சொல்றாளோ அதை எழுதிக்கிங்க. அது போதும்.”

“அவ்வளவுதானே டீச்சர்? கண்டிப்பா அப்படியே செய்யறேன்” என்றாள் அந்தப் பெண். சொன்னபடியே செய்தாள் என்பதுதான் கொடுமை.

தேர்வு நடந்தது நூலக அறையில். நூலகம் என்று பெயர். பீரோக்கள் பூட்டியே கிடக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு மேஜை. ஒரு பக்கம் ஆபீசர் பெண், எதிரில் பட்டன். தலை வாரி, முகம் கழுவி, துவைத்த சட்டையில் வந்திருந்தாள். டீச்சர் சுவரோரமாக ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். ஆபீசர் பெண் பையிலிருந்து வண்ணக் கட்டைகளைக் கொட்டினாள். பட்டனுக்குக் கண் விரிந்தது. பயம் ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் மனதுக்குள், அடி என் தங்கமே, இது போதும் என்று நினைத்துக்கொண்டார்.

“இங்க இருபது கட்டை இருக்கு. அஞ்சு பிள்ளைங்களுக்குச் சமமாப் பிரிச்சுக் குடுக்கணும். ஒரு பிள்ளைக்கு எத்தனை?”

பட்டன் கட்டையைத் தொடக்கூட இல்லை. “நாலு” என்றாள்.

ஆபீசர் பெண் புன்னகையோடு சும்மா இருந்தாள். பேனா மேஜைமேல் இருந்தது. பார்வையைக் குழந்தை முகத்திலிருந்து எடுத்துக் கட்டைகள்மேல் வைத்தாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை கூச்சப்படும் என்று அவளே யோசித்துச் செய்தது அது.

பட்டன் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு கட்டைகளைக் குவியல் குவியலாகப் பிரித்தாள். ஐந்து குவியல், ஒவ்வொன்றிலும் நாலு. “நாலுதான்” என்றாள் மறுபடி. பதில் இல்லை. அவள் நெற்றி சுருங்கியது. விரலால் ஒன்று, இரண்டு என்று ஐந்து குவியலைத் தொட்டாள். பிறகு அந்த விரல் மெதுவாக நிமிர்ந்து எதிரில் இருந்த ஆபீசர் பெண்ணைக் காட்டி, ஆறு என்று எண்ணியது. கட்டைகளை மறுபடி கலைத்தாள்.

“மூணு” என்றாள். “ரெண்டு மிச்சம்.”

ஆபீசர் பெண் பேனாவை எடுத்து எழுதினாள்.

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. இவளுக்கு என்ன ஆயிற்று, ஏன் இப்படி உளறுகிறாள் என்றுதான் நினைத்தார். இரண்டாவது கேள்வி வந்தது. நூலகத்தில் முந்நூற்று இரண்டு புத்தகம், நூற்று எழுபத்தெட்டை எடுத்துப் போய்விட்டார்கள், மீதி எத்தனை. அடக் கடவுளே, அவளுடைய சொந்தக் கணக்கு! பட்டன் ஜன்னல் பக்கம் பார்த்தாள், உதடு அசைந்தது, “நூத்தி இருபத்திநாலு” என்றாள். மறுபடியும் அந்த அமைதி. ஆபீசர் பெண் கட்டைகளையே பார்த்துக்கொண்டு அன்பாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது அச்சு அசலாக அவரைப் போலவே இருந்தது. வாயை மூடிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டு. ஒரு வருஷமாகப் பட்டன் இந்த அமைதியை எப்போது பார்த்திருக்கிறாள்? தப்பாகச் சொன்னபோது மட்டும். சரியாகச் சொன்னால்தான் அடுத்த நொடியே “எப்படி?” வந்துவிடுமே! தான் பிள்ளைகளுக்கு நேரம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது, பிள்ளைகளுக்கு ‘தப்பு’ என்று காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்த அமைதியைத் தானே போனில் கெஞ்சிக் கேட்டு வாங்கி இந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் டீச்சருக்கு அழுகை முட்டியது.

“அம்பத்திநாலு” என்றாள் பட்டன், இம்முறை மெதுவாக. போன புத்தகத்துக்கும் இருக்கிற புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. கேள்வியைத் தான்தான் தப்பாகக் காதில் வாங்கிவிட்டோம் போல என்று நினைத்து, வேறு கேள்வி ஒன்றைத் தானே உண்டாக்கி, அதற்குச் சரியான விடை சொல்கிறாள். வளர்ந்தவர்களுக்கு வருமா இந்தப் புத்தி? ஆபீசர் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது கேள்விக்கு ஒரு தாளைப் பாதியாக மடித்து, அதையும் பாதியாக மடித்து விரித்துக் காட்டினாள். இதில் ஒரு துண்டு முழுத் தாளில் எவ்வளவு? “கால் பங்கு” என்றாள் பட்டன். அமைதி. பட்டன் அந்த அமைதியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரோரம் இருந்த டீச்சரைப் பார்த்தாள்.

வாய் திறந்தால் எல்லாம் செல்லாது. தலையை அசைத்தாலும் செல்லாது. இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது, அதில் எப்படியாவது பிழைத்துக்கொள்ள மாட்டாளா என்று ஒரு நப்பாசை. டீச்சர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்தார். தரையைப் பார்த்தார். குனிந்த பிறகுதான், ஐயோ, இதுவும் அதேதானே என்று புரிந்தது.

பட்டன் திரும்பிக்கொண்டாள். தாளை எடுத்துப் புரட்டினாள். பின்பக்கத்திலும் நாலு கட்டம் தெரிந்தது. “எட்டுல ஒண்ணு” என்றாள்.

டீச்சர் தன்னை அறியாமல் எழுந்தார். குட்டி நாற்காலி சாய்ந்து தரையில் மோதியது. ஆபீசர் பெண் நிமிர்ந்து பார்த்து, “டீச்சர், ப்ளீஸ். நீங்க பேசிட்டா எல்லாம் போயிடும்” என்றாள் பதறி. அவளும் பிள்ளை தேற வேண்டும் என்றுதான் நினைத்தாள், பாவம். டீச்சர் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். நாலாவதும் ஐந்தாவதும் அப்படியே போயின. பேசியிருந்தாலும் போயிருக்கும், பேசாமல் இருந்தும் போயிற்று.

வராந்தாவில் டீச்சர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க ஆபீசர் பெண்ணின் முகம் வெளுத்தது.

“முதல்ல சொன்னதெல்லாம் சரின்னு எனக்கும் தெரியும் டீச்சர். எழுதிடலாமான்னு கை துடிச்சுது. ஆனா நீங்கதானே...”

“நான்தான் மேடம். நான்தான் சொன்னேன். இன்னொரு தடவை வைக்கலாமா? நாளைக்கே? நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.”

“ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் டீச்சர். குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு, அதுல எழுதறேன். குழந்தை நல்லா யோசிக்கிறாள்னு எழுதறேன்.”

“அதை யாரு பாப்பாங்க?”

அந்தப் பெண் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஹெட்மாஸ்டர் கையை விரித்துவிட்டார். “தாள்ல போச்சு, சரி, பிள்ளை பயந்துட்டான்னு நாலு பேர்கிட்ட சொல்லிப் பாத்திருக்கலாம். இப்ப வாயாலயும் போச்சு. ரெண்டு விதமாவும் சோதிச்சாச்சு, ரெண்டுலயும் இல்லன்னு எழுத்துல வந்தாச்சு. இனிமே நான் என்னம்மா பேசறது?” அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. கொஞ்சம் திறந்திருந்த கதவையும் டீச்சரே போய் இழுத்துச் சாத்திவிட்டார்.

பட்டனின் அம்மாவிடம் சொல்லத்தான் கால் வரவில்லை. கம்பெனி விடும் நேரத்துக்குப் போய் வாசலில் நின்றார். அந்த அம்மா திட்டியிருக்கலாம். நீ இருக்கேன்னு சொன்னியே என்று சட்டையைப் பிடித்திருந்தாலும் டீச்சருக்கு ஆறியிருக்கும். அவர் ஒன்றும் செய்யவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, “பரவால்ல டீச்சர். நீங்க எவ்வளவோ அலைஞ்சீங்க. அங்க செடியெல்லாம் நல்லாத்தான் இருக்கும், அவளுக்குப் புடிக்கும்” என்று டீச்சருக்கு ஆறுதல் சொன்னார். டீச்சர் பஸ் ஏறி உட்கார்ந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு தரம் வேண்டுமென்றே, “இன்னிக்கு உப்பு கம்மிதான்” என்று சொல்லிப் பார்த்தார். டீச்சர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளைக்கு உபயோகப்படும்ல, நீ கத்துக்கிட்டது” என்றார். சொல்லி முடிப்பதற்குள் தான் சொன்னது எவ்வளவு பெரிய அபத்தம் என்று அவருக்கே தெரிந்து, எழுந்து போய் தட்டைக் கழுவினார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. புதிய மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளில் வந்து அமர்ந்தது. டீச்சர் கணக்கு சொன்னார், பிள்ளைகள் விடை சொன்னார்கள். இப்போதெல்லாம் அவர் சரியான விடைக்கும் எப்படி, தப்பான விடைக்கும் எப்படி என்று கேட்கிறார். மறந்தும் சும்மா இருப்பதில்லை. நல்லதுதான். யாருக்கு நல்லது?

மத்தியான இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். போகாமல் இருக்க எத்தனையோ சாக்கு தேடிப் பார்த்தும் கால் அங்கேதான் போயிற்று. பின்கட்டு வாசலில் பட்டன் பூவாளியோடு நின்றிருந்தாள். டீச்சரைக் கண்டதும் பூவாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“டீச்சர்! அன்னிக்கு அந்தக்கா கேட்டாங்கல்ல, எல்லாத்தையும் நான் மாத்தி மாத்தி யோசிச்சேன் டீச்சர். கடைசியாச் சொன்னதாவது சரியா இருந்துச்சா?”

டீச்சர் குனிந்து அவள் உயரத்துக்கு வந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. “நீ முதல்ல சொன்னதுதான்டா கண்ணு சரி. எல்லாமே சரி.”

“எல்லாமேவா?” அவள் முகம் மலர்ந்தது. உடனே குழம்பியது. “அப்ப அந்தக்கா ஏன் எப்படின்னு கேக்கவே இல்ல?”

“நான்தான் கேக்க வேணாம்னு சொன்னேன். பதில் சொன்னதும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கன்னு சொன்னேன்.”

“ஏன் டீச்சர்?”

“உனக்கு யோசிக்க நேரம் வேணும்னு.”

பட்டன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

“எனக்கு நேரமே வேண்டியிருக்கலியே டீச்சர்” என்றாள். “உடனே தெரிஞ்சிடுச்சே. உங்களுக்குத் தெரியாதா?”

உள்ளேயிருந்து பின்கட்டு டீச்சர், செடி பாதியில் நிற்கிறது என்று குரல் கொடுத்தார். பட்டன் ஓடிப்போய்ப் பூவாளியை எடுத்துக்கொண்டாள்.